இலைச்சாறு கொன்ற கலங்களும் அம்மா விழுங்கும் மாத்திரையும்

கோண்டாவிலைச் சேர்ந்த ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சாரம் இது. அவருடைய அம்மா மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடித்து, தெல்லிப்பழை வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய்வருகிறார். நோய் மீளாமலிருக்க நாளுக்கொரு டமொக்சிபென் மாத்திரை எடுக்கிறார். முள்ளுச்சீத்தா இலைச்சாறு ஆய்வுகூடத்தில் மார்பகப் புற்றுநோய்க் கலங்களைக் கொன்றுவிட்டது என்ற செய்தியை உறவினர் ஒருவர் அனுப்பி, மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை அவித்துக் குடிக்கும்படி வற்புறுத்துகிறார். செய்தி பொய்யா? பொய்யில்லையென்றால் வைத்தியர்கள் ஏன் அதைக் கொடுப்பதில்லை? ஆய்வுகூடங்களில் உண்மையில் என்ன நடக்கிறது, அதில் எது எங்கள் ஊருக்கு வந்து சேர்கிறது? கடைசியாக, மகளான தானும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

செய்தி பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் அது சொல்வது மிகக் குறைவு. இத்தகைய பரிசோதனை நடக்கும் விதம் தெரிந்தால் அந்தக் குறைவு விளங்கும். 96 சிறு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில், கன்றின் குருதி நீர்ப்பாயம் கலந்த போசணைக் கரைசலில், 37 பாகை வெப்பத்தில் புற்றுநோய்க் கலங்களை வளர்ப்பார்கள். ஒவ்வொரு குழியிலும் சாற்றை வெவ்வேறு செறிவில் விட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிரோடிருக்கும் கலங்கள் அதை ஊதா நிறமாக்கும்; ஊதா குறைந்தால் கலங்கள் குறைந்தன என்று கணக்கு. இந்தத் தட்டில் கலங்களைக் கொல்வது அரிய செயலே அல்ல. சவர்க்காரம் கொல்லும், உப்பு கூடினாலும் கொல்லும், செறிவு கூட்டினால் நாங்கள் நாளாந்தம் சமைக்கும் பல பொருட்களின் சாறும் கொல்லும். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எவ்வளவு செறிவில் கொன்றது, வாயால் உட்கொண்டால் குருதியில் அந்தச் செறிவு வருமா, அதே செறிவு சாதாரண மார்பகக் கலத்தை விட்டுவைத்ததா, கொன்றது எந்த வழியில்?

முள்ளுச்சீத்தாவின் விடயத்தில் கடைசிக் கேள்விக்கு விடை ஓரளவு தெரியும். அதிலுள்ள அனோனாசின் என்னும் சேர்வை, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளின் முதலாவது நொதியத் தொகுதியைத் தடுக்கிறது. புற்றுநோய்க் கலம் சக்தியின்றி இறப்பது உண்மைதான். ஆனால் நரம்புக் கலத்துக்கும் அதே இழைமணிதான். கரீபியன் தீவான குவாதலூப்பில், இந்தப் பழத்தையும் அதன் இலைக் கசாயத்தையும் வழக்கமாக உட்கொள்வோரிடையே பார்க்கின்சன் நோயை ஒத்த, ஆனால் வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு நரம்பு நோய் கூடுதலாகக் காணப்படுவதை 1999இல் ஆய்வாளர்கள் அறிக்கையிட்டார்கள். எலிகளுக்கு அனோனாசினைத் தொடர்ந்து செலுத்தியபோது மூளைக் கலங்கள் சிதைந்ததும் பின்னர் தெரியவந்தது. எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதைப் பற்றி நான் பேசவில்லை. நாள்தோறும் அவித்துக் குடிப்பது வேறு விடயம்.

மஞ்சளின் கதை இன்னொரு வகை. அதன் குர்குமின் தட்டில் பல விதமான கலங்களையும் கொல்கிறது. உடலிலோ குடலால் மிகக் குறைவாகவே உறிஞ்சப்பட்டு, உறிஞ்சப்பட்டதும் விரைவில் மாற்றமடைந்து வெளியேறுகிறது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் உறிஞ்சல் கூடும் என்று இரண்டையும் சேர்த்துக் குளிசையாக விற்கிறார்கள். டமொக்சிபென் எடுப்பவர் அங்கேதான் கவனிக்க வேண்டும்: நெதர்லாந்தில் ஒரு சிறிய குழுவில் செய்து 2019இல் வெளியான ஆய்வில், அந்தக் கூட்டு டமொக்சிபெனின் செயற்படும் வடிவமான எண்டொக்சிபெனின் அளவைக் குருதியில் குறைத்தது. கறிக்குப் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது, குளிசைக்குப் பொருந்தும். தாவரங்களில் மருந்தே இல்லை என்பது என் கருத்தல்ல. எங்கள் வளவுகளில் பூக்கும் நித்தியகல்யாணியில் இருந்துதான் வின்பிளாஸ்டின் வந்தது; கனடாவில் நீரிழிவு மருந்து தேடி அதன் இலையை ஆராய்ந்தவர்கள், எலிகளில் வெண்குருதிக் கலங்கள் வீழ்வதைக் கண்டு 1958இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் மருந்தானது அளவு தெரிந்து சுத்திகரித்த சேர்வை. அவித்த இலையை மருந்தென்று அவர்கள் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் ஆபத்தாகியிருக்கும்.

தட்டில் வளரும் அந்தக் கலங்கள் யாருடையவை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவரிடமிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் கலங்களைக் கல வரிசை என்பார்கள். உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் மார்பகப் புற்றுநோய்க் கல வரிசை எம்.சி.எப்.-7. அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் 1970இல், நோய் முற்றிய ஒரு கன்னியாஸ்திரியின் நெஞ்சறையில் தேங்கிய நீரில் இருந்து எடுத்த கலங்கள் அவை. 1973இல் அவற்றைப் பற்றிய கட்டுரை வெளியானது. அவர் இறந்து அரை நூற்றாண்டு கடந்தும் அவருடைய கலங்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஈஸ்திரோஜன் ஓமோன் புற்றுநோயை எவ்வாறு வளர்க்கிறது என்று இன்று நாங்கள் அறிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு பெண்ணின் கலங்களில் இருந்து கற்றது. அதுவே அதன் எல்லையும் ஆகும்: ஒரே பெண், ஒரே கட்டி, அதுவும் பல்லாயிரம் தடவை பிரிந்து தட்டு வாழ்க்கைக்குப் பழகிப்போன சந்ததி. நோய் எதிர்ப்புக் கலங்கள் இல்லை, குருதிக் குழாய் இல்லை, சுற்றியுள்ள கொழுப்பிழையம் இல்லை.

இதைவிட மோசமான கதையும் உண்டு. எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்ற வரிசையை மார்பகப் புற்றுநோய் பரவும் விதத்தை அறிய எத்தனையோ ஆய்வுகூடங்கள் பல வருடங்களாகப் பயன்படுத்தின. 2000ஆம் ஆண்டளவில் பரம்பரையலகுகளின் செயற்பாட்டை ஒப்பிட்டபோது, அது தோலின் நிறக் கலங்களில் தோன்றும் மெலனோமாவை ஒத்திருப்பது தெரிந்தது. பின்னர் செய்த டி.என்.ஏ. ஒப்பீட்டில் அது எம்-14 என்ற மெலனோமா வரிசையே என்று உறுதியாயிற்று. மார்பகம் என்று நினைத்துத் தோல் புற்றுநோயை ஆராய்ந்த கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் இன்னமும் நூலகங்களில் இருக்கின்றன. இப்போது நல்ல சஞ்சிகைகள் கல வரிசையின் டி.என்.ஏ. அடையாளத்தைச் சோதித்த பின்பே கட்டுரையை ஏற்கின்றன. செய்தி வாசிப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

அப்படியென்றால் ஆய்வுகூடத்தால் பயனில்லையா என்று கேட்டால், சகோதரியின் அம்மா எடுக்கும் மாத்திரையே மறுமொழி. 1896இல் கிளாஸ்கோ நகரின் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோர்ஜ் பீற்சன், மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களின் சூலகங்களை அகற்றியபோது சிலரின் கட்டி சுருங்கியதை எழுதினார். ஏன் சிலருக்கு மட்டும் என்பது அறுபது வருடங்களுக்கு விளங்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் சிக்காகோவில் எல்வூட் ஜென்சன், கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்திரோஜனை எலிகளுக்குச் செலுத்தி, அது கருப்பை போன்ற சில இழையங்களில் மட்டும் தங்குவதைக் கண்டார். அங்கே அதைப் பிடித்து வைக்கும் ஒரு புரதம் இருந்தது. அதையே ஈஸ்திரோஜன் வாங்கி என்கிறோம். ஓமோன் வந்து பொருந்தியதும் இந்த வாங்கி கலத்தின் கருவில் டி.என்.ஏ.யில் அமர்ந்து, கலப்பிரிவைத் தூண்டும் பரம்பரையலகுகளை இயக்குகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பத்தில் ஏறக்குறைய ஏழில் இந்த வாங்கி உண்டு. பீற்சனின் சிகிச்சையால் பயன்பெற்றவர்கள் அந்த ஏழுக்குள் இருந்திருப்பார்கள்.

டமொக்சிபெனோ வேறொரு நோக்கத்துக்காகப் பிறந்தது. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1962இல் டோரா றிச்சட்சன் என்ற இரசாயனவியலாளர் அதைத் தொகுத்தார். தேடியது கருத்தடை மாத்திரை. எலிகளில் கருவைத் தடுத்த மருந்து, பெண்களில் சூல் வெளிவருவதைத் தூண்டியது, அதாவது நோக்கத்துக்கு நேரெதிராக வேலை செய்தது. கிடப்பில் போயிருக்க வேண்டிய மருந்தை மன்செஸ்டரின் கிறிஸ்டி வைத்தியசாலை, நோய் முற்றிய பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1971இல் முடிவை வெளியிட்டது. அதன் பின் கிரேக் ஜோர்டன் எலிகளில் செய்த பரிசோதனைகள், குறுகிய காலம் கொடுத்தால் கட்டி தள்ளிப்போவதையும், நீண்ட காலம் கொடுத்தால் பல எலிகளில் தோன்றாமலே விடுவதையும் காட்டின. சத்திரசிகிச்சைக்குப் பின் வருடக்கணக்கில் மாத்திரை எடுக்கச் சொல்வதன் வேர் அந்த எலிகளில் இருக்கிறது. வாங்கி உள்ளவர்கள் ஐந்து வருடம் எடுத்தால் அடுத்த 15 வருடங்களில் இந்நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது, பல நாடுகளின் பரிசோதனைகளில் பங்கேற்ற ஆயிரக்கணக்கான பெண்களின் தரவுகளைச் சேர்த்துக் கண்ட முடிவு. இலைக் கசாயத்தின் பக்கம் வைக்க இதற்கு ஈடான ஒரு பரிசோதனைகூட இல்லை. மாத்திரையை நிறுத்துவதா என்ற கேள்வியில் நான் இதனால்தான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: நிறுத்த வேண்டாம்.

மாத்திரைக்குக் குறையில்லை என்றும் சொல்லமாட்டேன். மார்பகத்தில் ஈஸ்திரோஜனைத் தடுக்கும் அதே மருந்து கருப்பையின் உட்படையில் ஓரளவு ஈஸ்திரோஜனைப்போலவே நடந்துகொள்கிறது. வாங்கியோடு கூட்டுச் சேரும் துணைப் புரதங்கள் இழையத்துக்கு இழையம் வேறுபடுவதே காரணம். ஆகவே மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு ஏற்பட்டால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் தெரிவிக்க வேண்டும். காலில் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறலும் வந்தாலும் அப்படியே. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவராயின் அதன் பெயரையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பரொக்செற்றின், புளுவொக்செற்றின் இரண்டும் டமொக்சிபெனைச் செயற்படும் வடிவுக்கு மாற்றும் ஈரல் நொதியத்தைத் தடுப்பவை.

ஹெர்-2 என்னும் வாங்கியின் வரலாறும் இதே போக்கில் அமைந்தது. 1987இல் டெனிஸ் சிலமனும் குழுவினரும் 189 பெண்களின் கட்டிகளைப் பரிசோதித்து, அவற்றில் ஏறக்குறைய 30 வீதமானவற்றில் இந்த வாங்கிக்குரிய பரம்பரையலகின் பிரதிகள் பெருகியிருப்பதையும், அந்தப் பெண்களில் நோய் விரைந்து மீள்வதையும் காட்டினார்கள். பின்வந்த ஆய்வுகளில் அந்த விகிதம் 15 முதல் 20 வீதம் என்று நிலைத்தது. கலத்தின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வாங்கியைப் பற்றும் பிறபொருளெதிரியாக டிரஸ்டுசுமாப் உருவாகி 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொடிய வகை என்று அஞ்சப்பட்ட ஒன்று, மருந்து உள்ள வகை என்றாகியது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்தது. வேறு நிறுவனங்கள் அதை ஒத்துச் செய்த உயிரியல் மருந்துகள் வந்த பின் விலையும் இறங்கியிருக்கிறது.

அதே பிறபொருளெதிரியில் கீமோ மருந்தின் மூலக்கூறுகள் ஏறக்குறைய எட்டைப் பிணைத்து, கலத்துக்குள் கொண்டுபோய் அவிழ்க்கச் செய்வது டிரஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகன். அவிழ்ந்த மருந்து பக்கத்துக் கலங்களுக்கும் ஊறிப் பரவுவதால், ஹெர்-2 சிறிதளவே உள்ள கட்டிகளிலும் வேலை செய்யுமோ என்ற எண்ணம் ஆய்வுகூடத்தில் எழுந்தது. 2022இல் வெளியான பரிசோதனையில், நோய் பரவிய அத்தகைய பெண்களின் வாழ்நாள் நடுப்பெறுமானம் 16.8 மாதத்தில் இருந்து 23.4 மாதமாகக் கூடியது. கூடியது ஏழு மாதத்துக்கும் சற்றுக் குறைவுதான். ஆனால் அது எண்ணிப் பார்த்த காலம். "அதிசய மருந்து" என்ற தலைப்புகளில் இப்படியொரு எண் இருப்பதை நான் அரிதாகவே காண்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த தர்க்கம் ஒலாபரிப் என்ற மருந்தினுடையது. 1990இல் மேரி-கிளேர் கிங், இளவயதில் மார்பகப் புற்றுநோய் வரும் குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குரிய பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதைக் காட்டினார், பி.ஆர்.சி.ஏ.-1 என்ற அதை 1994இல் பிரித்தெடுத்தார்கள், பி.ஆர்.சி.ஏ.-2 அடுத்த வருடம் வந்தது. இரண்டும் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் முறிந்தால் பிழையின்றித் திருத்தும் வேலைக்குரியவை. பாப் என்ற நொதியம் ஓரிழை முறிவுகளைத் திருத்த உதவுகிறது. யாழ்ப்பாணத்துக்கு ஆனையிறவு வழியும் சங்குப்பிட்டி வழியும் இருப்பதுபோல. ஒன்று அடைபட்டால் மற்றதால் வந்து சேரலாம், இரண்டும் அடைபட்டால் தரைவழியே எதுவும் வராது. பி.ஆர்.சி.ஏ. விகாரத்தோடு, அதாவது அந்தப் பரம்பரையலகில் பழுதோடு, பிறந்த பெண்ணின் சாதாரணக் கலங்களில் நல்ல பிரதி ஒன்று மிஞ்சியிருக்கிறது. கட்டியிலோ அதுவும் தொலைந்துவிட்டது. ஆகவே ஒலாபரிப்பால் பாப்பை அடைத்தால் கட்டியின் கலங்களே பெரும்பாலும் சாகின்றன. 2005இல் இரண்டு குழுக்கள் இதைத் தட்டில் காட்டின. 2018இல் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. இடையில் 13 வருடம்.

இங்கே தட்டுப் பரிசோதனையின் சரியான பயனைக் கவனியுங்கள். மருந்து கொல்கிறதா என்பதை அல்ல, எதைக் கொல்கிறது, எதை விட்டுவிடுகிறது, ஏன் என்பதை அது கேட்டது. கலப்பிரிவைத் தடுக்கும் பல்போசிக்லிப் என்ற மருந்தின் கதையும் அதே. கலம் பிரியும் ஒழுங்கை மதுவத்திலும் கடல் முள்ளெலியின் முட்டையிலும் ஆராய்ந்து 2001இல் நோபல் பரிசு பெற்ற ஹாட்வெல், ஹன்ட், நேர்ஸ் மூவரும் மார்பகத்தைப் பற்றி ஆராயவில்லை. அவர்கள் திறந்த பாதையில் உருவான மருந்தை 47 வகைக் கல வரிசைகளில் ஒருங்கே சோதித்து, ஈஸ்திரோஜன் வாங்கி உள்ளவையே அதிகம் அடங்குகின்றன என்று 2009இல் வெளியிட்டார்கள். எந்த நோயாளிகளிடம் பரிசோதிப்பது என்று அந்தத் தட்டுகள் சொல்லின. 2015இல் அனுமதி வந்தது.

எல்லாம் இப்படி முடிவதில்லை. கட்டிக்குக் குருதிக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் பெவசிசுமாப் எலிகளில் மிக நன்றாக வேலை செய்தது. அமெரிக்காவில் 2008இல் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்று, பெண்களின் வாழ்நாளைக் கூட்டவில்லை என்று தெரிந்த பின் 2011இல் அந்த அனுமதியை இழந்தது. எலியில் வெற்றி என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இதை நினைக்கலாம். இதனால்தான் இப்போது நோயாளியின் கட்டியிலிருந்தே முப்பரிமாணச் சிறு இழையங்களை வளர்க்கிறார்கள். 2018இல் நெதர்லாந்துக் குழுவொன்று நூற்றுக்கு மேற்பட்ட மார்பகக் கட்டிகளில் இருந்து அப்படியொரு உயிர்ச் சேகரிப்பை உருவாக்கியது. ஈஸ்திரோஜனுக்கு எதிரான மருந்தை நீண்ட காலம் எடுத்த சிலரில் ஈஸ்திரோஜன் வாங்கியே விகாரமடைந்து, ஓமோன் இல்லாமலே இயங்கப் பழகுவதும் விளங்கியிருக்கிறது. அதற்கென எலசெஸ்டிரன்ட் என்ற மருந்து 2023இல் வந்தது. ஈஸ்திரோஜன், புரொஜெஸ்தரோன், ஹெர்-2 என்ற மூன்று வாங்கிகளும் இல்லாத வகையில் நோயெதிர்ப்பு மருந்தான பெம்பிரோலிசுமாப் இடம்பிடித்திருக்கிறது. பல வருடம் எலும்பில் உறங்கிக் கிடக்கும் கலங்கள் ஏன் ஒரு நாள் விழிக்கின்றன என்பதற்குத் திருப்தியான விடை இன்னமும் எவரிடமும் இல்லை; அடுத்த பெரிய மாற்றம் அங்கிருந்துதான் வரும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

இனி எங்கள் பக்கம். தெல்லிப்பழையின் புற்றுநோய் வைத்தியசாலை, 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய பணத்தால் எழுந்தது. அங்கு போகும் பெண்ணுக்கு மேலே சொன்ன அத்தனை ஆராய்ச்சியும் முதலில் வந்து சேர்வது நோயியல் அறிக்கையில் உள்ள மூன்று வரிகளாகத்தான்: ஈஸ்திரோஜன் வாங்கி, புரொஜெஸ்தரோன் வாங்கி, ஹெர்-2. வாங்கி உள்ள கலங்களை மட்டும் நிறமேற்றும் சோதனையில், நூற்றில் ஒரு கலமாவது நிறமேறினால் ஈஸ்திரோஜன் வாங்கி உண்டு எனக் கொள்வார்கள். ஹெர்-2 நிறமேற்றத்துக்கு இடும் புள்ளி பூச்சியமோ ஒன்றோ என்றால் இல்லை, மூன்று என்றால் உண்டு, இரண்டு என்றால் மேலதிகப் பரிசோதனை. இந்த நிறமேற்றம் சரியாக வர, வெட்டியெடுத்த இழையம் ஒரு மணித்தியாலத்துக்குள் அதைப் பதப்படுத்தும் திரவமான போமலினில் இடப்பட்டு, குறைந்தது 6, கூடியது 72 மணித்தியாலம் அதில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். தாமதித்தால் வாங்கிப் புரதம் சிதைந்து, உள்ளதை இல்லை என்று அறிக்கை சொல்லலாம். அந்தப் பெண் டமொக்சிபெனை இழப்பார். அந்த மருந்து கிடைப்பதைத் தீர்மானிப்பது கோடிக்கணக்கான பெறுமதியுள்ள கருவியல்ல, நேரத்துக்கு ஊற்றிய போமலின் போத்தல் என்பேன். யாழ்ப்பாணத்தில் ஆராய்ச்சி செய்ய விரும்பும் மருத்துவபீட மாணவர் ஒருவர் என்னிடம் தலைப்புக் கேட்டால், இன்னுமொரு இலைச்சாற்றை எம்.சி.எப்.-7இல் விடுவதைவிட, இங்குள்ள அறிக்கைகளின் தரத்தை அளக்கச் சொல்வேன்.

சகோதரி செய்யக்கூடியது, அம்மாவின் அறிக்கையைப் பிரதி எடுத்து வைப்பது. ஹெர்-2 ஒன்று, அல்லது மேலதிகப் பரிசோதனையில் பெருக்கம் இல்லாத இரண்டு என்றிருந்தால், அண்மைவரை வெறுமனே இல்லை என்று மூடிவைத்த அந்த வரிக்கு, நோய் எப்போதாவது மீண்டு பரவினால், மேலே சொன்ன டிரஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகனால் இப்போது ஒரு பொருள் உண்டு.

அவருடைய சொந்தக் கேள்விக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை விகாரத்தால் வருபவை 5 முதல் 10 வீதம் வரைதான்; அம்மாவுக்கு வந்தது என்பதால் மட்டும் மகளுக்கு விகாரம் உண்டு என்று ஆகாது. அம்மாவுக்கு 50 வயதுக்கு முன் நோய் வந்திருந்தாலோ, மூன்று வாங்கிகளும் இல்லாத வகையாயிருந்தாலோ, இரு மார்பகங்களிலும் வந்திருந்தாலோ, குடும்பத்தில் சூலகப் புற்றுநோயோ ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோயோ இருந்தாலோ, பரம்பரைப் பரிசோதனை பற்றி அம்மாவின் புற்றுநோய் நிபுணரிடம் கேட்பது நியாயம். சோதிப்பதானால் முதலில் அம்மாவின் குருதியையே சோதிக்க வேண்டும். அவரில் விகாரம் கண்டால் மட்டுமே மகளின் முடிவுக்குத் தெளிவான பொருள் உண்டு. அதுவரை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும், வெல் வுமன் கிளினிக் என்று எல்லோரும் சொல்லும் பரிசோதனைக்குப் போகலாம். போகும்போது அம்மாவுக்கு எத்தனை வயதில் நோய் கண்டது என்பதை அங்குள்ள வைத்தியரிடம் சொன்னால், எந்த வயதில் இருந்து, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும் என்பதை அவர் அதற்கேற்பத் தீர்மானிப்பார்.